தங்கை பூடானுக்கு ஆசிரியையாகப் போகிறாள்: ‘நட்பு நாடு’ என்பது அங்கே எப்படி இருக்கும்?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு பூடானில் ஒரு பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்க இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கோயம்புத்தூரைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

சுற்றுலா போனவர்கள் எழுதியது நிறையப் படித்துவிட்டேன். மலை உச்சியில் தொங்கும் மடத்தின் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “படம் சரி, அந்த ஊர் ஆளுங்க நம்ம ஆளுங்களை எப்படிப் பார்ப்பாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ‘நட்பு நாடு’ என்று செய்தியில் சொல்கிறார்கள். அது தலைவர்கள் கைகுலுக்குவதோடு நிற்கிறதா, கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் இருக்கிறதா? சீனா பக்கத்தில் இருப்பதால்தான் இந்த உறவே என்று சித்தப்பா சொல்கிறார். விசா வேண்டாம், நம் ரூபாயே செல்லும் என்கிறார்கள். இதெல்லாம் எப்படி வந்தது?

அங்கே வேலை பார்த்தவர்கள், அந்த ஊர்க்காரர்களோடு பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

மேட்டூர்க்காரன் எழுதியது:

உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன் என்றதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சுரங்கப் பொறியாளர், இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் அப்பா மேட்டூர் டனல் பவர் ஹவுசில் வேலை பார்த்தவர். 1999 முதல் 2006 வரை நான் பூடானில் தாலா நீர்மின் திட்டத்தில் இருந்தேன். திட்ட அலுவலகம் இருந்த ஊரின் பெயர் கெது. போனில் சொன்னபோது அம்மா அதைக் கேது என்று கேட்டு, கீழப்பெரும்பள்ளம் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். உங்கள் அப்பாவின் தூக்கம் போனது எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதல் நாள் எல்லையைத் தாண்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தின் ஜெய்காவ். ஹார்ன் சத்தம், சைக்கிள் ரிக்‌ஷா, தார்ப்பாய் கட்டிய கடைகள். நடுவில் டிராகன் வேலைப்பாடு செய்த ஒரு வாசல். அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங். நாலு எட்டு வைத்ததும் சத்தம் அடங்கிவிடும். பாஸ்போர்ட் கேட்கவில்லை. வாக்காளர் அட்டையைப் பார்த்து பர்மிட் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் நேரம் நம்மைவிட அரை மணி முன்னால், கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தேன். டீக்கடையில் நம் நூறு ரூபாயைக் கொடுத்தேன், மீதி அவர்கள் பணத்தில் வந்தது. நுல்ட்ரம் என்று பெயர். 1974-ல் அந்தப் பணம் வந்ததிலிருந்தே ஒரு நுல்ட்ரம் ஒரு ரூபாய்தான். நம் ரூபாய் அங்கே நாடு முழுக்கச் செல்லும். அவர்கள் பணம் இங்கே எல்லைக் கடைவீதிகளைத் தாண்டினால் செல்லாது.

அங்கிருந்து மேலே ஏறும் சாலையைப் பற்றிச் சொன்னால் உங்கள் சித்தப்பாவுக்கும் பதில் கிடைக்கும்.

1958-ல் நேரு பூடானுக்குப் போனபோது அந்த நாட்டுக்கு வண்டி போகும் பாதையே கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கில் இறங்கி, மலைப்பாதையில் பல நாள் பயணம் செய்து பாரோ போய்ச் சேர்ந்தார். கூட இந்திரா காந்தியும் போனார். நீங்கள் சுதந்திர நாடாக, உங்களுக்குப் பிடித்த வழியில் வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம் என்று நேரு அங்கே பேசினார். மறு வருடமே திபெத்தில் சீனாவுக்கு எதிராகக் கலகம் வெடித்து தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். பூடான் வடக்கு எல்லையை மூடியது. அதுவரை அவர்கள் வியாபாரம் பெரும்பாலும் திபெத்தோடுதான். அரிசி கொடுத்து உப்பும் கம்பளியும் வாங்கிவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வடக்கே திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டு தெற்கே திரும்பினார்கள். ஆகவே சீனா இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் ஒருவரை நம் வாசல் வரைக்கும்தான் கொண்டுவரும். அறுபது வருடத்துக்கு மேல் கூடவே இருப்பதற்கு வேறு காரணமும் வேண்டும் அல்லவா?

1961-ல் சாலை வேலை தொடங்கியது. நம் எல்லைச் சாலை அமைப்பின் கிளை ஒன்று, தந்தக் என்று பெயர், புன்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு மலையைக் குடைந்து வழி போட்டது. பூடானின் முதல் இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களுக்கும் பணம் முழுக்க இந்தியா கொடுத்தது. பாரோவில் விமானம் இறங்கும் ஓடுபாதையும் தந்தக் போட்டதுதான். இந்த வேலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஆட்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். பாறை சரிந்து, மண் சரிந்து, லாரி உருண்டு. சோர்ச்சென் என்ற இடத்தில் ஒரு மழைக்காலத்தில் சரிவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு நாள் நின்றிருக்கிறோம். மழையில் நனைந்துகொண்டே புல்டோசர் ஓட்டிய பையன் ஜார்க்கண்டுக்காரன். எதிர்ப்பக்கம் வண்டிகளில் காத்திருந்த பூடான் பெண்கள், வழி திறந்ததும் முதலில் அவனுக்குத்தான் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர், சுஜா என்பார்கள். உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் அதுதான்.

அதே சாலையில் தந்தக் நடத்தும் கேன்டீனில் தோசை கிடைக்கும். சட்னி நம் ஊர்ச் சட்னி இல்லை, ஆனாலும் அந்தக் குளிரில் அமிர்தமாக இருந்தது. தங்கையிடம் சொல்லுங்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

பூடானிடம் எண்ணெய் இல்லை, பெரிய தொழிற்சாலைகளும் அதிகம் கிடையாது. செங்குத்தாக இறங்கும் ஆறுகள் இருக்கின்றன. 1974-ல் சுக்கா திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 336 மெகாவாட். செலவில் 60 சதவீதம் இந்தியா மானியமாகக் கொடுத்தது, 40 சதவீதம் கடன். பூடான் தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கும், கடனை அந்த வருமானத்தில் அடைக்கும். 1988-ல் அதைத் தொடங்கிவைக்க நம் குடியரசுத் தலைவராக ஆர். வெங்கட்ராமன் போயிருந்தார். தாலாவும் இதே 60-க்கு 40 கணக்கில் வந்ததுதான். அளவு மட்டும் மூன்று மடங்கு, 1,020 மெகாவாட்.

வாங்சூ என்ற ஆறு. சுக்கா நிலையம் பயன்படுத்தி விட்ட தண்ணீரைக் கீழே 92 மீட்டர் உயர அணையில் மறுபடி பிடிக்கிறோம். பிடித்த தண்ணீரில் மணல் இருக்கும். அது டர்பைனுக்குப் போனால் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும், அதனால் மலைக்குள்ளேயே பெரிய அறைகள் வெட்டி மணலைப் படியவைத்தோம். அப்புறம் தண்ணீரைக் கொண்டுபோகும் சுரங்கம், ஹெட்ரேஸ் டனல் என்போம், கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். அது முடியும் இடத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் தண்ணீர் இறங்கி, மலைக்குள் இருக்கும் பவர் ஹவுசில் ஆறு டர்பைன்களைச் சுற்றும். மேட்டூரில் வளர்ந்த எனக்கு இந்த உயரம் நம்பமுடியாததாக இருந்தது. இங்கே அணையில் தண்ணீரைத் தேக்கி வைப்போம். அங்கே தேக்கமே பெரிதாகக் கிடையாது, ஓடுகிற தண்ணீரும் விழுகிற உயரமும்தான் மூலதனம்.

இமயமலை இளம் மலை. காலையில் பாறையாக நிற்பது, பிளாஸ்டிங் முடிந்து போய்ப் பார்த்தால் ஈரமாவாகக் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு அடிட்டில், அதாவது பக்கவாட்டில் நுழையும் சுரங்கத்தில், பதினொரு நாள் ஒரு மீட்டர்கூட முன்னே போக முடியவில்லை. கம்பியும், பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட்டும் போட்டுத் தாங்கவைப்பதே வேலையாக இருந்தது. அந்த ஷிப்டில் என்னோடு இருந்தது பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள், நேபாளத் தொழிலாளர்கள், அப்புறம் வேலை பழகிக்கொண்டிருந்த இரண்டு பூடான் இளைஞர்கள். அதில் ஒருவர் தினமும் உள்ளே நுழையும்முன் சுவரில் நெற்றி தொட்டுவிட்டுத்தான் வருவார். மலையைத் தொந்தரவு செய்கிறோம், அனுமதி கேட்க வேண்டும் என்பார். செப்டம்பர் 17-ம் தேதி விஸ்வகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ அப்படி. எந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, ஒரு பக்கம் பண்டிதர் மந்திரம் சொல்ல, ஒரு பக்கம் லாமா மணி அடிப்பார். பூடான் டிரைவர்கள் எங்களுக்கு முன்பே வண்டியைக் கழுவி நிறுத்தியிருப்பார்கள். கலாசார உறவு என்றால் பலருக்கு மேடையும் நடனமும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு டம்பர் லாரியின் நெற்றியில் குங்குமமும், அதன் கண்ணாடியில் பூடான்காரர்கள் மரியாதைக்குப் போடும் வெள்ளைப் பட்டுத் துண்டும் சேர்ந்து இருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

2006-ல் முதல் டர்பைன் சுற்றியது. அந்த மின்சாரம் சிலிகுரி வழியாக டெல்லி பக்கம் வரைக்கும் போகிறது. கட்டி முடித்துவிட்டு நாங்கள் வந்துவிட்டோம். இன்று நிலையத்தை நடத்துவது ட்ரக் கிரீன் என்ற பூடான் அரசு நிறுவனம். சுவரைத் தொட்டுக் கும்பிட்ட அந்த இளைஞர் இப்போது அங்கே மூத்த பொறியாளர். கெதுவில் இருந்த எங்கள் திட்ட அலுவலகமும் குடியிருப்பும் 2008 முதல் வணிகவியல் கல்லூரி. நான் டனல் வரைபடம் விரித்த அறையில் இப்போது கணக்குப் பாடம் நடக்கலாம்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அந்த ஆறுகள் இளைத்துவிடும். பனி உருகாது, மழையும் இருக்காது. அப்போது அவர்கள் நம்மிடமிருந்து மின்சாரம் வாங்குகிறார்கள். ஜூலையில் அங்கிருந்து இங்கே, ஜனவரியில் இங்கிருந்து அங்கே. மின்கம்பி ஒன்றேதான்.

கோட்டைவாசல் எழுதியது:

நான் பூடான் போனதில்லை அக்கா. ஆனால் பூடான் எங்கள் வீட்டுக்கு வரும்.

வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பூடானில் வைத்தியம் இலவசம். அங்கே பார்க்க முடியாத நோய் என்றால் அவர்கள் அரசே செலவு செய்து கொல்கத்தாவுக்கோ வேலூருக்கோ அனுப்புகிறது. சில வருடத்துக்கு முன், கோவிட் வருவதற்கும் முன்னால், ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். தங்கை தன் கிட்னியை அண்ணனுக்குக் கொடுக்க வந்தவள். நான்கு மாதத்துக்கு மேல் இருந்தார்கள். அண்ணன் காலையில் மொட்டை மாடியில் ஜபமாலை உருட்டிக்கொண்டு நடப்பார். அந்தப் பெண் ஊரிலிருந்து சிவப்பரிசி கொண்டுவந்திருந்தாள்.

அவர்கள் சமையலில் மிளகாய் காரத்துக்குப் போடுவது இல்லை, மிளகாய்தான் காயே. நாம் கத்தரிக்காய் போடுகிற மாதிரி கால் கிலோ பச்சை மிளகாயைக் கீறி, பாலாடைக்கட்டியோடு வேகவைப்பாள். எமா தட்ஷி என்று பெயர். எங்கள் வீட்டில் ஆந்திரா ஊறுகாய் தின்று வளர்ந்த என் மாமியாரே இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. பதிலுக்கு மாமியார் அவளுக்கு மிளகு ரசம் சொல்லிக்கொடுத்தார். அண்ணனுக்குக் கட்டுப்பாடான சாப்பாடு என்பதால் உப்பில்லாத ரசம். அதையும் ஒரு நாள் விடாமல் வைத்துக் கொடுத்தாள்.

மொழி தெரியாதே என்று தங்கை பயப்பட வேண்டாம். அங்கே பள்ளிக்கூடத்தில் பாடமே ஆங்கிலத்தில்தான், சின்னப் பிள்ளைகள்கூடப் பேசும். அவர்கள் மொழியில் மரியாதையாகப் பேச வேண்டுமென்றால் கடைசியில் ‘லா’ சேர்ப்பார்கள். வணக்கத்துக்கு ‘குசுசாங்போ லா’, நன்றிக்கு ‘காதின்சே லா’. எனக்கு இதை விளக்கியபோது, அட, இது நம்ம ‘ங்க’தானே என்றேன். வாங்க, சரிங்க, சொல்லுங்க. அன்றிலிருந்து அந்தப் பெண் “சரிங்க லா” என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது மாமியார் கழுத்தில் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு போட்டுக் கும்பிட்டார்கள். இப்போதும் அது எங்கள் பூஜை அறையில்தான் இருக்கிறது. கோவிட் சமயத்தில் அவள்தான் முதலில் போன் செய்தாள். இந்தியா அனுப்பிய தடுப்பூசி எங்களுக்கு வந்துவிட்டது, நீங்கள் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டாள். அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் போடவில்லை.

கரும்பலகை எழுதியது:

மேட்டூர்க்காரர் சொன்னதற்கு ஒரு காலம் முன்னால் போனவன் நான். 1984 முதல் 1989 வரை கிழக்கு பூடானில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். அசாம் வழியாக சம்ட்ருப் ஜோங்கார் போய் அங்கிருந்து மலை ஏற வேண்டும். அப்போது அங்கே இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தோம், அதில் பெரும்பங்கு கேரளத்துக்காரர்கள். பிள்ளைகள் எழுதிய பொதுத்தேர்வு டெல்லியிலிருந்து நடத்தப்பட்டது. கங்லுங்கில் இருக்கும் ஷெருப்ட்ஸே கல்லூரியின் பட்டமும் அப்போது டெல்லி பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். இன்று அவர்களுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம், சொந்தத் தேர்வு வாரியம் எல்லாம் வந்துவிட்டன. நான் நடத்திய பிள்ளைகளில் சிலர் உயர் அதிகாரிகள்.

ஆசிரியருக்கு அங்கே கிடைக்கும் மரியாதையை நான் இங்கே முப்பது வருடம் வேலை பார்த்தும் காணவில்லை. ஆசிரியரை ‘லோபென்’ என்பார்கள். அறுவடை முடிந்ததும் பெற்றோர் ஒரு நாள் பாதை நடந்து வந்து, காய்ந்த மிளகாயும் முட்டையும் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். டிசம்பரில் பள்ளி மூடினால் நீண்ட குளிர்கால விடுமுறை. அப்போது கிராமமே மூட்டை கட்டிக்கொண்டு புத்தகயாவுக்குக் கிளம்பும். அவர்கள் அதை தோர்ஜே தென் என்கிறார்கள். புத்தர் உட்கார்ந்து ஞானம் பெற்ற வஜ்ராசனம். நமக்குக் காசி எப்படியோ அவர்களுக்கு அது. இந்தியா என்றால் அந்தப் பாட்டிகளுக்கு டெல்லியும் பிரதமரும் ஞாபகம் வருவதில்லை, போதி மரம்தான் ஞாபகம் வரும். ஒரு தடவை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், வழியில் இறங்கி அவர்களோடு மூன்று நாள் தங்கினேன். என் மாணவனின் பாட்டி, நான் அந்தப் புண்ணிய பூமியில் பிறந்தவன் என்பதற்காக என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தெற்கு பூடானிலிருந்து நேபாளி பேசும் மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் வெளியேற நேர்ந்தது. கிழக்கு நேபாளத்தின் முகாம்களில் பதினைந்து, இருபது வருடம் கிடந்தார்கள். பிறகு பெரும்பாலோர் அமெரிக்கா முதலான நாடுகளில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கும் நேபாளத்துக்கும் நடுவில் நம் நாடு இருக்கிறது, நம் மண்ணைத் தாண்டித்தான் போனார்கள். இந்தியா இதில் தலையிடவில்லை. நண்பன் வீட்டு விஷயம் என்று ஒதுங்கியது சரியா என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை. உங்கள் தங்கை தெற்குப் பகுதிப் பள்ளிக்குப் போனால் வகுப்பில் நேபாளி பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் பேசாமல் விட்ட கதை ஒன்று இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வேலூர்க் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சித்தப்பாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. “சாலை நாம போட்டது, அணை நாம கட்டினது, ஊசி நாம கொடுத்தது. கொடுக்கிறவன் ஒருத்தன், வாங்குறவன் ஒருத்தன். இதுக்குப் பேரு நட்பா?” என்கிறார். மேட்டூர் ஐயா, இதற்கு என்ன சொல்வது?

மேட்டூர்க்காரன் எழுதியது:

சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி. நாங்களும் மெஸ்ஸில் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறோம்.

2003 டிசம்பர் 15. காலை ஷிப்டுக்குப் போனால் பூடான் ஊழியர்கள் முகமே சரியில்லை. அசாம், வடக்கு வங்கத்தின் ஆயுதக் குழுக்கள் தெற்கு பூடான் காடுகளில் முகாம் போட்டு, அங்கிருந்து நம் பக்கம் தாக்கிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பூடான் பல வருடம் பேசிப் பார்த்தது. ஒத்துவரவில்லை. அன்று அவர்கள் ராணுவம் இறங்கிவிட்டது. முப்பது முகாம்கள். அந்த ராணுவம் சில ஆயிரம் பேர்தான், அதுவரை போர் பார்த்ததும் இல்லை. நான்காம் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் தானே முன்னின்று நடத்தினார். சில நாட்களில் முகாம்கள் காலி. பூடான் வீரர்கள் இறந்தார்கள். எங்கள் கேன்டீனில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி அந்தப் படையில் இருந்தார். அவர் நலம் என்று செய்தி வரும்வரை அந்த அம்மா அடுப்பை மூட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அசாமில் ஒரு பேருந்து நிலையத்தில் குண்டு வெடிக்காமல் இருப்பதற்காக அந்தச் சின்ன நாடு எடுத்த பாரம் அது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பணக் கணக்கும் ஒரு பக்கக் கணக்கு இல்லை. தாலா மின்சாரத்தை இந்தியா தொடக்கத்தில் யூனிட் 1 ரூபாய் 80 பைசாவுக்கு வாங்கியது. அந்த விலைக்கு இவ்வளவு சுத்தமான மின்சாரம் நமக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்? 2019-ல் வந்த மாங்டெச்சு நீர்மின் திட்டத்துக்கு 4 ரூபாய் 12 பைசா. ஆனால் அங்கே மானியம் 30 சதவீதம்தான், 70 சதவீதம் கடன். சுக்காவில் இருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது. என் மனதில் இதுதான் உறுத்துகிறது. புனாட்சாங்சு ஒன்றாம் நீர்மின் திட்டத்தில் 2013-ல் அணை கட்டும் இடத்தில் மலைச்சரிவு நகர்ந்து, வேலை வருடக்கணக்கில் இழுத்தது. வேலை இழுத்தால் செலவு ஏறும், கடன் ஏறும், வட்டி ஏறும். அந்தச் சுமை எட்டு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள ஒரு நாட்டின் தலையில் விழும். சுரங்க வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இளம் மலையில் பாறை பொய்த்துப் போவதற்கான செலவை இரண்டு பேரும் பங்கு போடுவதுதான் நியாயம்.

நாம் தவறியதும் உண்டு. 2013 ஜூலையில், பூடானில் தேர்தல் நடக்கும் வாரங்களில், சமையல் எரிவாயுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த மானியம் நின்றது. சிலிண்டர் விலை ஒரேயடியாக ஏறியது. பின்னால் சரி செய்தார்கள். கெதுவில் எனக்கு வீடு கொடுத்தவர் போனில் கோபப்படவில்லை, “நாங்கள் என்ன தவறு செய்தோம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பெரிய நாடு கையை லேசாக அசைத்தாலே சின்ன நாட்டின் அடுப்பு அணைந்துவிடுகிறது.

ரூபாய் விஷயத்தை முன்பே தொட்டேன். பூடான் தன் பணத்தை நம் ரூபாயோடு கட்டி வைத்திருப்பதால் வசதியும் உண்டு, வலியும் உண்டு. அரிசி, டீசல், கட்டடக் கம்பி, கார் எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் போக வேண்டும். அவர்கள் விற்பது மின்சாரம், எஃகு செய்யப் பயன்படும் பெர்ரோசிலிக்கான், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, ஏலக்காய். வாங்குவது விற்பதைவிட அதிகமானால் ரூபாய் கையிருப்பு தீர்ந்துவிடும். 2012-ல் அப்படித்தான் ஆனது, வங்கிகளில் ரூபாய் கொடுக்கக் கட்டுப்பாடு வந்தது. புன்ட்ஷோலிங்கில் உருளைக்கிழங்கு ஏலம் நடப்பதை ஒரு சீசனில் பார்த்திருக்கிறேன். மேலே மலையிலிருந்து மூட்டையோடு வந்த விவசாயி, இந்திய வியாபாரி சொல்லும் விலையைக் காது கொடுத்துக் கேட்டபடி நிற்பார். அன்று வங்கத்தில் விளைச்சல் எப்படியோ அப்படித்தான் அவருக்கு அந்த வருடம்.

இதையெல்லாம் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து திருத்தியும் இருக்கின்றன. 1949 ஒப்பந்தத்தில், வெளியுறவில் பூடான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கும் என்று ஒரு ஷரத்து இருந்தது. 2007-ல் புது ஒப்பந்தம் போட்டபோது அதை எடுத்துவிட்டார்கள். ஒருவர் நலனுக்கு எதிராக மற்றவர் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்பதை இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதினார்கள். சித்தப்பா சொல்லும் கொடுக்கல் வாங்கல் மட்டும் என்றால், கொடுக்கிறவன் அந்த ஷரத்தை விட்டுத் தந்திருக்க மாட்டான்.

சரி, தங்கைக்கு. வேலைக்குப் போவதால் வேலை அனுமதித் தாளைப் பள்ளி வாங்கித் தரும், அதன் நகலை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பணம் சின்ன நோட்டாக எடுத்துப் போகட்டும். ஊருக்குத் திரும்பும்போது நுல்ட்ரத்தை எல்லையிலேயே மாற்றிவிட வேண்டும். பிப்ரவரியில் குளிர் எலும்பைத் தொடும், கம்பளி உள்ளாடை கோயம்புத்தூரில் தேட வேண்டாம், ஜெய்காவில் மலிவு. காபித்தூள் தாராளமாக எடுத்துப் போகட்டும். புளியும்.

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு பேருந்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கெது வரும். பெரும்பாலும் மூடுபனிதான், பத்து அடிக்கு அப்பால் தெரியாது. விலகியிருந்தால் கல்லூரிக் கட்டடங்களை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அம்மா. எங்கள் மெஸ்ஸுக்குப் பக்கத்தில் நான் ஒரு சைப்ரஸ் கன்று வைத்தேன். அது இப்போது எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும்.